சைலன்சர் அரித்துவிட்டது, சத்தமான சைலன்சர் போட்டால் ரோட்டில் பாதுகாப்பு என்கிறார்களே, உண்மையா?

உச்சிப்புளி350 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018 மாடல் 350 சிசி வண்டி, கார்புரேட்டர்தான். வீடு உச்சிப்புளி, வேலை மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுவது. வள்ளம் கரைக்கு வரும் நேரத்துக்கு நானும் அங்கே இருக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவேன், அப்புறம் பகல் முழுக்க கம்பெனிக்கும் ஜெட்டிக்குமாக வண்டியை ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதுமாகத்தான் ஓடும். நிற்பது கடலைப் பார்த்து. உப்புக்காற்று வேலையைக் காட்டிவிட்டது. சைலன்சரின் அடிப்பக்கம் அரித்து சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. மேலே குரோம் இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது, கீழே தட்டினால் துரு செதில் செதிலாகக் கொட்டுகிறது.

ஓட்டை விழுந்ததிலிருந்து வண்டி டிராக்டர் மாதிரி கத்துகிறது. முதலில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். நடு ரோட்டில் ஆடி அசைந்து போகும் எக்ஸ்எல்காரர்கள் இப்போது நான் பின்னால் வரும்போதே ஓரம் போகிறார்கள். டீக்கடை வாசலில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை செட்டில் (தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போய் வருவோம்) எல்லோரும் ஒரே குரலாகச் சொல்வது, சத்தம்தான் நம்மைக் காப்பாற்றும், அமெரிக்காவிலேயே இதை ஸ்டிக்கராக அடித்து ஒட்டுகிறார்கள் என்று. கொஞ்ச நாள் முன்னால் பிரப்பன்வலசை பக்கம் எதிரே வந்த சுற்றுலா வேன் ஒன்று இண்டிகேட்டர்கூடப் போடாமல் என் முன்னால் வலது பக்கம் திரும்பியது. பின் டயர் வழுக்கி, எப்படியோ நின்றுவிட்டேன். அதிலிருந்து இந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கம்பெனி சைலன்சர் விலையில் பாதிக்கு ‘பஞ்சாப்’ என்கிற சத்தமான சைலன்சர் கிடைக்கும் என்று இங்கே ஒரு மெக்கானிக் சொல்கிறார். அம்மா வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை. போடலாமா? போலீஸ் பிடிப்பார்களா? இன்ஜினுக்கு ஏதாவது ஆகுமா?


கடலோர ரைடர்:

யோசிக்கவே வேண்டாம் மாப்ளே, போடு. சனி ஞாயிறில் பாம்பன் ரோட்டுப் பாலத்துக்கு வந்து பார். இரண்டு பக்கமும் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் பிடிக்கிறார்கள், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து கேட்கவே வேண்டாம். செல்ஃபி எடுக்கிறவன் போனைத்தான் பார்ப்பான், பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்க மாட்டான், அப்படியே இரண்டு அடி பின்னுக்கு வந்து ரோட்டில் நிற்பான். ஹாரன் அடித்தால் திரும்புவானா? பஸ்ஸும் லாரியும் அடித்து அடித்து நம் ஊரில் எல்லோருக்கும் ஹாரன் மரத்துப் போய்விட்டது. ஆனால் ஒரு த்ராட்டில் கொடு, துள்ளிக்கொண்டு ஒதுங்குவான். என் வண்டியில் புகையைத் தடுக்காமல் விடுகிற ஃப்ரீ ஃபுளோ சைலன்சர், சத்தத்தைக் குறைக்க அதன் வாயில் செருகுகிற டிபி கில்லரையும் கழற்றிப் போட்டாச்சு. இன்றுவரை ஒருத்தனும் குறுக்கே வந்ததில்லை. சத்தம் பிடிக்காதவர்கள் எங்கேயும் இருப்பார்கள், அவர்களா உனக்கு ஆஸ்பத்திரி பில் கட்டப் போகிறார்கள்?


கீழக்கரை பட்டறை:

தம்பி, பாதுகாப்பு பற்றி மற்றவர்கள் பேசட்டும், நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் அரிக்கவில்லை, உள்ளேயிருந்தும் அரித்திருக்கிறது. பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் ஆவியாக வரும். தூரமாக ஓட்டினால் சைலன்சர் நன்றாகச் சுட்டு அந்த ஈரம் வெளியே போய்விடும். நீ ஜெட்டிக்கும் கம்பெனிக்கும் இடையில் ஸ்டார்ட் செய்து அணைத்து, ஸ்டார்ட் செய்து அணைத்து ஓட்டுகிறாய், சைலன்சர் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது, தண்ணீர் அடியில் தேங்குகிறது. அதற்காகவே நிறைய சைலன்சரில் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். கடற்கரை வண்டியில் அது மணலும் துருவும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இன்னும் சிலர் அதில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, லீக் என்று நினைத்து எம்சீல் வைத்து அடைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். அப்புறம் அரிக்காமல் என்ன செய்யும்?

இப்போதைக்கு ஓட்டையை வெல்டிங் வைக்கலாமா என்றால், தகடு மெலிந்துவிட்டால் ராடு பட்ட இடமெல்லாம் உருகிப் புது ஓட்டை விழும். நல்ல தகடு இருக்கிற இடம் வரை சுரண்டி, மேலே ஒட்டுத் தகடு வைத்து கேஸ் வெல்டிங் செய்தால் கொஞ்ச காலம் ஓடும். அவ்வளவுதான்.

பஞ்சாப், டால்பின், இந்தூரி என்று பெயர் எதுவானாலும் பாதி விலைக்கு வருகிற சரக்கில் தகடு பாதி கனம்தான் இருக்கும். சத்தத்தை அடக்க உள்ளே சுற்றியிருக்கிற கிளாஸ் வூல் (கண்ணாடிப் பஞ்சு) ஓட ஓட எரிந்து பறந்துவிடும், வாங்கின நாளைவிட இன்னும் கத்தும். உன்னுடையது கார்புரேட்டர் வண்டி. புகை போகிற வழியைத் திறந்துவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றாமல் விட்டால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். இன்ஜின் ஹெட்டு சூடாகும், த்ராட்டிலை விட்டவுடன் பட்பட் என்று வெடிக்கும். அந்த வெடியைக் கேட்டுப் பசங்களுக்கு ஒரே சந்தோஷம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள்ளே போய் எரிகிறது, இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பவர் கூடியது மாதிரி தெரிவது காதுக்கு மட்டும்தான். அடி இழுவை குறையும், இரண்டு பெட்டி நண்டை பின்னால் கட்டிக்கொண்டு பாலம் ஏறும்போது தெரியும்.

ஒரு வழி சொல்கிறேன். சத்தமான சைலன்சர் மாட்டுகிறவன் கம்பெனி சைலன்சரைக் கழற்றி என்ன செய்வான்? பட்டறையிலேயே போட்டுவிட்டுப் போவான். எந்தப் பட்டறைக்குப் போனாலும் பரணில் புதுசு மாதிரி நாலைந்து கிடக்கும். விசாரித்துப் பார், பஞ்சாப் விலையைவிடக் குறைவாகவே முடியும்.


ஆட்டுக்காரர் மகன்:

சத்தம் கேட்டால் ஆடு ஒதுங்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ரைடர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈசிஆரில் தேவிபட்டினத்திலிருந்து தொண்டி போகிற வழியில் எங்கள் அப்பா ஆடு மேய்க்கிறார்.

கோடையில் சீமைக் கருவேல நெற்று ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும், ஆட்டுக்கு அது பலகாரம். மந்தை ரோட்டைக் கடக்கும்போது எப்போதும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்தான் இருக்கும். நிதானமாக வருகிற வண்டி என்றால் அப்பா குரல் கொடுத்தாலே போதும், அப்படியப்படியே நிற்கும். திடீரென்று படபடவென்று சத்தம் கேட்டால் வெள்ளாடு சிதறும். செம்மறி முன்னால் போவது எங்கே ஓடுகிறதோ அங்கே மொத்தமும் ஓடும். தாய் அந்தப் பக்கம் நின்று குட்டி இந்தப் பக்கம் நின்றால் அந்தக் குட்டி எந்த வண்டியையும் பார்க்காது, தாயிடம் ஓடும், அதுவும் சரியாக உங்கள் முன் சக்கரத்துக்கு. நீங்கள் சைலன்சரை முறுக்காமல் வந்திருந்தால் அது பாட்டுக்கு நெற்றைத் தின்றுகொண்டு நின்றிருக்கும். ஆடு போனால் எங்களுக்குக் காசு நஷ்டம், உங்களுக்குத் தோள்பட்டை. மாடு கதை வேறு, அது எந்தச் சத்தத்துக்கும் அசையாது.


நைட் டியூட்டி அக்கா:

நான் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், எந்த ஊர் என்பதை விட்டுவிடுங்கள். கடலோர ரைடர் தம்பிக்கு: விபத்து வார்டுக்கு வருகிற பைக் கேஸ்காரர்கள் வண்டிச் சத்தம் போதாமல் வந்தவர்கள் இல்லை. இடித்த கார்க்காரர் கூடவே வருவார், கை நடுங்கிக்கொண்டு நிற்பார், அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்தான், “வண்டி வந்ததையே நான் பார்க்கலைங்க.” கேட்கவில்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் பார்ப்பேன். ஆளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருவார்கள், ஹெல்மெட்டை ஆட்டோக்காரர் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். புது ஹெல்மெட், மேலே ஒரு கீறல் இருக்கும், நாடியில் மாட்டுகிற பக்கிளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிந்திருக்காது. ஒரு தடவைகூட மாட்டவில்லை என்று அர்த்தம். விழுந்தவுடன் ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். சைலன்சருக்குச் செலவு செய்கிற தம்பிகள் அந்தப் பக்கிளை மாட்டக் காசு தர வேண்டியதில்லை.

உங்கள் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழில் சுகாதாரத்தில் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஹைவேயில் வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டுமே அந்த 100ஐ நெருங்கும், அதற்கு மேல் நீங்கள் சைலன்சரையும் சேர்க்கிறீர்கள். அரிச்சல்முனை போய்த் திரும்பிய ராத்திரி காதுக்குள் ங்ஙொய் என்று கேட்கிறதா இல்லையா? அது களைப்பு என்று நினைக்காதீர்கள். உள்காதின் மயிரிழை செல்கள் போனால் திரும்ப முளைக்காது. தூர சவாரிக்கு மருந்துக் கடையில் கிடைக்கிற ஃபோம் இயர் பிளக்கை வைத்துக்கொள்ளுங்கள், காற்று இரைச்சல் அடங்கும், ஹாரன் கேட்கும்.

ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். போர்டு வைத்திருக்கிறோம். அந்தப் போர்டுக்கு நேர் கீழேதான் த்ராட்டிலை முறுக்குகிறார்கள்.


துபாய் காக்கா:

கீழக்கரைதான் நானும், இப்போது இருப்பது துபாயில், வெள்ளி காலையில் இங்கே நாலு பேராக பைக் எடுப்போம். இங்கே சத்தத்தை அளக்கிற ரேடாரே வைத்திருக்கிறார்கள், அளவு தாண்டினால் 2,000 திர்ஹம் அபராதமும் லைசென்ஸில் 12 கரும்புள்ளியும். அதை விடுங்கள், தம்பி கேட்டது பாதுகாப்பா என்று.

அந்த அமெரிக்க ஸ்டிக்கர் வாசகத்துக்கு ஆதாரம் தேடினால் அமெரிக்காவிலேயே எதிராகத்தான் கிடைக்கும். ஹாரி ஹர்ட் என்பவர் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தார். ஹர்ட் ரிப்போர்ட் என்றால் பைக்காரர்களுக்குத் தெரியும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஆபத்து வந்தது ஓட்டுபவருக்கு நேர் முன்னாலிருந்து, அதாவது நேர்கோட்டிலிருந்து இடது 45 டிகிரி, வலது 45 டிகிரிக்குள். பைக்கும் வேறு வண்டியும் மோதின விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் தப்பு அந்த வேறு வண்டிக்காரர் மேல், பைக்குக்கு உரிய வழியை விடாமல் குறுக்கே வந்தது. அங்கே வலது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் இடது பக்கம் திரும்பும் கார்தான் எமன். நமக்கு அது வலது பக்கம் திரும்பும் கார். உச்சிப்புளி தம்பி, பிரப்பன்வலசையில் உன் முன்னால் வந்த வேன் அப்படியே அந்த அறிக்கையிலிருந்து எழுந்து வந்ததுதான்.

இப்போது கணக்கைப் பார். சைலன்சர் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது? பின்னால். சத்தம் அதிகமாகப் போவதும் அந்தப் பக்கம்தான், ஆபத்து இருப்பது எதிர்ப்பக்கம். சரி, முன்னாலும் அதே அளவு போகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டரில் 100 டெசிபல் இருந்தால் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 8 மீட்டரில் 76, 16 மீட்டரில் 70, 32 மீட்டரில் 64. கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட காருக்குள் அதில் இன்னும் 20, 25 டெசிபல் கழியும். மிஞ்சுவது 40 சொச்சம். ஓடுகிற காருக்குள் டயர் சத்தமும் பாட்டும் 65க்கு மேல் இருக்கும். ஒன்றும் கேட்காது. நீ 60இல் போகிறாய், வேன் 60இல் எதிரே வருகிறது என்றால் இருவரும் ஒரு வினாடியில் 33 மீட்டர் நெருங்குகிறீர்கள். கேட்கும் தூரத்துக்கு வரும்போது கேட்டும் பயனில்லை. ஹர்ட் கணக்குப்படி விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குக் கிடைக்கிற நேரமே 2 வினாடிக்கும் குறைவு.

இதில் பாம்பன் காற்று வேறு. காற்றை எதிர்த்து சத்தம் தூரம் போகாது, மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். ஆடியில் கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது பாலத்தில் நின்று கத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவனுக்கே பாதி வார்த்தைதான் போகும்.

அதே அறிக்கை எது உதவியது என்றும் சொல்கிறது. பகலிலும் எரியும் ஹெட்லைட், மஞ்சள், ஆரஞ்சு, பளிச் சிவப்பு மேலாடை. கடலோர ரைடர், உங்கள் செட்டின் படங்களை இங்கே பார்த்திருக்கிறேன், எல்லோரும் கறுப்பு ஜாக்கெட், கறுப்பு ஹெல்மெட், கறுப்பு வண்டி. கேட்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறவர்கள் தெரியாமல் இருக்க அதைவிடப் பாடுபடுகிறீர்கள்.


கடலோர ரைடர்:

காக்கா, கறுப்பு ஜாக்கெட்டைத் தொடாதீங்க 😄 சரி, எதிரே வருகிற ஏசி காருக்குக் கேட்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர் லாரிக்கு ஏது ஏசி? கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். லாரியின் வலது பக்கம் ஓவர்டேக்கில் போகும்போது டிரைவர் கண்ணாடியில் நான் தெரியாத ஒரு இடம் இருக்கிறது, அங்கே நான் இருப்பதை அவருக்குச் சொல்வது என் சைலன்சர்தான். இது என் அனுபவம். லாஸ் ஏஞ்சல்ஸில் உப்பு லாரி ஓடுகிறதா? பாலத்தில் செல்ஃபிகாரனுக்கும் நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.


துபாய் காக்கா:

லாரி விஷயத்தில் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது, கண்ணாடி இறங்கியிருந்தால், பக்கத்தில் இருந்தால், கேட்கும். நடந்து போகிறவருக்கும் கேட்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லாரியின் அந்த மறைவில் எவ்வளவு நேரம் இருக்கப் போகிறாய்? ஒரு ஹாரன், ஹெட்லைட்டில் ஒரு டிப்பர் மின்னல், மளமளவென்று தாண்டிப் போய்விடு, இல்லையென்றால் பின்னாலேயே இரு. அந்த மூன்று நான்கு வினாடிக்காக வேதாளை, மரைக்காயர்பட்டினம், மண்டபம் என்று ரோட்டோரம் இருக்கிற அத்தனை வீட்டையும் விடிகாலையில் எழுப்ப வேண்டுமா? செல்ஃபிக்காரனுக்குப் பதில்: பாலத்தில் கூட்டம் தெரிந்தால் 30க்கு இறங்கு. துள்ளி ஒதுங்குவான் என்கிறாயே, எந்தப் பக்கம் துள்ளுவான் என்று அவனுக்கே தெரியாது. ஆட்டுக்காரர் மகன் சொன்னதைத் திரும்பப் படி.


அரிச்சல்முனைக் கடை:

உங்கள் ஞாயிறு செட்டை எங்களுக்கு நன்றாகத் தெரியும், கடைக்கு வியாபாரம் தருகிறீர்கள், குறை சொல்லவில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் வளைவே இல்லாத ரோடு, இரண்டு பக்கமும் கடல். காற்றடிக்கிற மாதங்களில் ரோட்டின் மேல் மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடக்கும். இங்கே நான் பார்த்து விழுந்தவர்கள் எல்லாம் அந்த மணலில்தான் விழுந்தார்கள், குறுக்கே ஒரு வண்டியும் வரவில்லை. மணலுக்கு என்ன காது இருக்கிறதா? பிறகு, இந்தப் பக்கம் பூநாரை வருகிற இடம், 2025 ஜூனில் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். வெடிச் சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், திரும்ப இறங்கி இரை எடுக்க வெகு நேரம் ஆகும். அதைப் பார்க்கத்தானே தம்பிகளா இவ்வளவு தூரம் வருகிறீர்கள்?


ராமநாதபுரம் டிரைவிங் ஸ்கூல்:

போலீஸ் பிடிப்பார்களா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். பிடிக்கலாம், பிடித்தால் எதில் எழுதலாம் என்பதைச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. மாற்றினால் 182ஏ(4) பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் வரும், 6 மாதம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. சத்த அளவை மீறியதற்கு 190(2), முதல் தடவையே 10,000 ரூபாய் வரை, கூடவே 3 மாதம் லைசென்ஸ் முடக்கம். புகையை சைலன்சர் வழியாக விடாமல் வேறு வழியில் திறந்துவிடுகிற கட் அவுட் வைத்தால் 194எஃப், முதலில் 1,000, அடுத்த தடவை 2,000. பல ஊர்களில் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கின வீடியோக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அளவு எவ்வளவு என்றால் 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல். 80 முதல் 175 சிசி வரை 77, அதற்குக் கீழே 75. இதை அளப்பது ஓடும் வண்டிக்கு 7.5 மீட்டர் பக்கவாட்டில் மைக் வைத்து. அதனால் சைலன்சர் வாயில் போனை நீட்டி ஆப்பில் பார்த்துவிட்டு ‘என்னுடையது 95தான்’ என்று யாரும் வாதாட வேண்டாம், இரண்டும் வேறு கணக்கு. டிபி கில்லரைப் போட்டுக்கொண்டு செக்போஸ்ட் தாண்டியதும் கழற்றுகிற வித்தையும் எல்லா ஏட்டையாவுக்கும் தெரியும். பெரிய விபத்து நடந்து, வண்டியில் சொல்லாமல் செய்த மாற்றம் இருப்பதை இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மில் இழுத்தடிப்பார்கள். இதை யாரும் சைலன்சர் வாங்கும்போது சொல்வதில்லை.

அப்புறம் ஹெட்லைட். 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த டூவீலரில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தம்பியின் வண்டி 2018, அதில் இருக்கும். எங்களிடம் வருகிற பையன்கள் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து அதை அணைத்துவிடுகிறார்கள், கேட்டால் பேட்டரி போய்விடும் என்கிறார்கள். பாதுகாப்புக்காக சைலன்சரை மாற்றுகிற அதே கை.


கீழக்கரை பட்டறை:

ஸ்கூல்காரர் லைட்டை எடுத்ததால் சொல்கிறேன். தம்பி, சைலன்சரை அரித்த உப்பு லைட்டை விட்டுவைக்குமா? டெயில் லேம்ப் கவரைக் கழற்றிப் பார். பல்ப் ஹோல்டருக்குள் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். பிரேக் லைட் ஒரு தடவை எரியும், ஒரு தடவை எரியாது, ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது, பின்னால் வருகிற பஸ்காரருக்குத்தான் தெரியும். எமரி பேப்பரால் சுரண்டி, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டினால் போதும். ஹெட்லைட் கண்ணாடியில் உப்புப் படலம் படியும், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒரு துடை. அதே தண்ணீரைச் சூடான சைலன்சர் மேல் ஊற்றாதே, ஆறவிட்டு ஊற்று.


உச்சிப்புளி350:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எக்ஸ்எல்காரர்கள் ஒதுங்கியது உண்மை, ஆனால் எனக்கு பயம் எதிரே வருகிற வேன் மேல்தான், அதற்கு இந்தச் சத்தம் உதவாது என்று காக்காவின் கணக்கு புரிகிறது. லாரி விஷயத்தில் கடலோர ரைடர் பக்கம் கொஞ்சம் இருக்கிறேன். காலையில் இருட்டில் போகிறவன் என்பதால் ஜெட்டியில் கட்டிட வேலைக்காரர்கள் போடுகிற ரிஃப்ளெக்டர் கோட்டு ஒன்று வாங்கிவிட்டேன், கம்பெனியில் எல்லோரும் டோல்கேட் ஆள் வந்துவிட்டான் என்கிறார்கள், பரவாயில்லை.

பட்டறை அண்ணே, அந்தப் பரண் சைலன்சர் 350க்குப் பொருந்துகிற மாதிரி உங்களிடம் இருக்கிறதா?


கீழக்கரை பட்டறை:

இரண்டு கிடக்கிறது. ஒன்று சுத்தமானது, இன்னொன்று அடியில் ஸ்பீட் பிரேக்கரில் தட்டி நசுங்கியது. வரும்போது பெண்டு பைப்புக்கு (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வருகிற வளைந்த குழாய்) வைக்கிற கேஸ்கெட் ஒன்று புதிதாக வாங்கி வா, பழசை வைத்து மாட்டினால் அங்கேயே காற்று இழுத்து வெடிக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்மா முடிந்து மூன்று மணிக்கு மேல் வா.


கடலோர ரைடர்:

மாமு, அந்தச் சுத்தமானது என்னுடையது. வித்துடாதீங்க.


கீழக்கரை பட்டறை:

உன்னுடையது நசுங்கினது. எடுத்துப் போகிறதானால் நீயும் வெள்ளிக்கிழமை வா.